தாய்வீடு பலகாரக் கடையின் முதல் போர்டு

கடைக்கு ஒரு போர்டு வைப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களை எங்கள் அம்மாவிடம் அனுப்பி வைப்பேன். முதன்முதலாக வைத்த போர்டிலேயே ஒரு வேன் நிறைய ஆட்களை மாரடித்து அழவைத்தவள் அவள். அந்தப் பெருமை பெரம்பலூரில் வேறு எந்தக் கடைக்காரருக்கும் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

போர்டு வைத்தபோது நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். நாங்கள் பெரம்பலூருக்கு வந்தது அதற்கு முந்தின வருஷம். அப்பாவின் ஊர் மீன்சுருட்டி. அவருக்கு ஜெயங்கொண்டத்தில் இன்னொரு குடும்பம் இருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்து, வழக்கம்போலக் கடைசியில் அம்மாவுக்குத் தெரிந்தது. அன்றைக்கே என்னையும் ஒரு தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு எறையூர்ப் பக்கம் இருக்கும் மாமா வீட்டுக்குப் போனாள். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அந்தக் கல்யாணத்தைப் பார்த்துப் பேசி முடித்தவர் அவர்தான். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். வயலிலிருந்து வந்த சேற்றுக் காலோடு வாசலில் நின்றபடி, "ஆம்பளன்னா அப்படி இப்படித்தான் இருப்பான். பேசாம நீ உன் வூட்டுக்குப் போ" என்றார். அம்மா உள்ளே போய் உட்காரக்கூட இல்லை, அப்படியே திரும்பினாள். நாங்கள் ஏறிய பஸ் பெரம்பலூர் பஸ்.

அதோடு மாமா வீட்டுப் போக்குவரத்து நின்றது. பொங்கல் சீர் நின்றது. அம்மாவின் போன் நம்பர் மாறியது, அவருக்குத் தெரியவில்லை, அவர் கேட்கவும் இல்லை. "எத்தன நாளைக்குத் தாக்குப் புடிப்பா? தானா மீன்சுருட்டிக்குப் போயிடுவா பாரு" என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பதாக யாரோ வந்து சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் எது நின்றாலும் இந்த 'யாரோ வந்து சொல்வது' மட்டும் நிற்காது.

அம்மாவின் கை பலகாரக் கை. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்றால் பெண்ணின் தாய்வீட்டிலிருந்து தாம்பாளம் தாம்பாளமாக முறுக்கும் அதிரசமும் லட்டும் போகவேண்டும். இப்போது யார் வீட்டில் உட்கார்ந்து சுடுகிறார்கள்? அதை நம்பித்தான் அம்மா, வாலிகண்டபுரம் பக்கம் போகிற பஸ்களெல்லாம் தாண்டிப் போகும் ரோட்டில், ஒரு பழக்கடையை ஒட்டி ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள். கடை நடந்தால் பெரம்பலூரில் இருப்போம். நடக்காவிட்டால் அடுத்த பஸ் மீன்சுருட்டி பஸ்தான். இதை அம்மா என்னிடம் சொல்லவில்லை. ஆனால் எண்ணெய்ச் சட்டியோடு அவள் தனியாகப் பேசுவதைக் கேட்டால் போதும், எல்லாம் தெரிந்துவிடும்.

திறந்து பல நாள் ஆகியும் கடை இருப்பது யாருக்கும் தெரியவில்லை. முறுக்கு வேகும் வாசனை பிடித்து வந்தவர்கள் மட்டும் வந்தார்கள். வாசனையும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம்தான் போயிற்று. வைகாசி முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. "இந்த முகூர்த்தத்தப் புடிக்கலன்னா அவ்வளவுதான்டி" என்று சொல்லிவிட்டு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனாள்.

கடைப்பெயரில் பிரச்சினை இல்லை. 'தாய்வீடு பலகாரக் கடை' என்று அம்மா முன்பே முடிவு செய்துவிட்டாள். தன் தாய்வீட்டு வாசலை மிதிக்காதவள் அந்தப் பெயரை எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. சிக்கல் நிறத்தில் வந்தது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, "என்ன கலருங்க போடலாம்?" என்றார்.

"நல்லா பளிச்சுன்னு செவப்புல போடுங்கண்ணே."

அவர் கையை மௌஸிலிருந்து எடுத்துவிட்டார். "செவப்பு மட்டும் போட்டா அது ஒரு கட்சிங்க. கூட கறுப்பு சேத்தா வேற கட்சி. நடுவுல வெள்ள வந்துட்டா அதுக்கும் ஒரு கட்சி இருக்கு."

"அப்ப மஞ்சள்?"

"மஞ்சள்ல எழுத்து என்ன கலர்ல வருதுங்கறதப் பொறுத்து ரெண்டு சங்கம் இருக்குங்க. ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க."

பச்சைக்கு ஆள் இருந்தது. நீலத்துக்கு இருந்தது. காவியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, கண்ணாலேயே வேண்டாம் என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு எல்லா ஜனமும் வரணும்ண்ணே. சீர் எடுக்காத ஜாதின்னு ஒண்ணு இருக்கா?" என்றாள். நான் ரோஸ் சொன்னேன். "ரோஸ் போட்டா பியூட்டி பார்லர்னு நெனச்சு வருவாங்க பாப்பா" என்று அதையும் தள்ளிவிட்டார். கடைசியில், இதுவரை எந்தத் தலைவர் கண்ணிலும் படாமல் தப்பித்துக் கிடந்த கத்தரிப்பூ நிறம் எங்களுக்குக் கிடைத்தது.

அடுத்து, என்ன எழுதுவது? உச்சியில் அம்மன் துணை. பிறகு கடைப்பெயர். பிறகு அம்மா மூச்சு விடாமல் சொல்ல ஆரம்பித்தாள்: கைமுறுக்கு, தேன்குழல், அதிரசம், லட்டு, ரவா உருண்டை, பொரிவிளங்காய் உருண்டை, சோமாசு, தட்டை, சீடை. "எதையும் வுட்டுடாதீங்க. சீடை இல்லன்னு நெனச்சு ஒருத்தி திரும்பிப் போயிடக்கூடாது பாருங்க." பெயர்கள் ஏற ஏற எழுத்து இறங்கிக்கொண்டே வந்தது. முடிவில் சீடை என்ற எழுத்து சீடை அளவுக்கே வந்துவிட்டது.

"ஒரு மொகம் இருந்தா நல்லாருக்குங்க. நம்ம ஊர்ல மொகத்தப் பாத்தாதான் ஜனங்க நம்பும்" என்றார் கடைக்காரர். அதுவும் சரிதான். அவர் கடைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஃப்ளெக்ஸ்களில் முகம் இல்லாதது ஒன்றுமில்லை. காதணி விழாக் குழந்தை, பூப்பு நீராட்டு விழாப் பெண், கண்ணீர் அஞ்சலிப் பெரியவர், எல்லோரும் ஒரே பூமாலை, ஒரே குத்துவிளக்குக்கு நடுவில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவிடம் உருப்படியாக இருந்தது கல்யாண போட்டோ ஒன்றுதான். மறுநாள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பட்டுச்சேலை, நெற்றிச்சுட்டி, கழுத்தில் பெரிய ரோஜா மாலையோடு அம்மா. பக்கத்தில் அப்பா.

"கூட இருக்கறவரு?"

"அவரு பலகாரம் சுடறதில்ல" என்றாள் அம்மா.

கடைக்காரர் அதற்குமேல் கேட்காமல் அப்பாவை வெட்டி எடுத்துவிட்டார். தோள் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதன்மேல் ஒரு பூவை வைத்து மறைத்தார். மங்களகரமாக இருக்கட்டும் என்று முகத்தைச் சுற்றி வட்டமாகப் பூ, இரண்டு மூலையிலும் எரிகிற குத்துவிளக்கு. எல்லாம் கைவசம் தயாராக வைத்திருந்தார்.

பிரிண்ட் வந்தபோது அம்மா கொஞ்சம் தயங்கினாள். கம்ப்யூட்டரில் கத்தரிப்பூவாக இருந்தது துணியில் ஏறக்குறையக் கறுப்பாக இறங்கியிருந்தது. "வெயில்ல பாத்தீங்கன்னா கத்தரிப்பூதாங்க" என்று அவர் அடித்துச் சொன்னார். காலையில் அவரே வந்து சட்டம் அடித்து மாட்டிவிட்டுப் போனார். அம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்து, எல்லாப் பலகாரமும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு அடுப்புக்குப் போனாள். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்ப் பார்க்கவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

அன்று போர்டைப் பார்க்காத ஆளே கிடையாது. பஸ்ஸில் போகிறவர்கள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் ஜன்னலோரம் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "ஒரே நாள்ல எப்படி ஏறிடுச்சு பாத்தியா!" என்று அவள் பூரித்துப் போனாள். அதைவிட எனக்குக் கிடைத்த மரியாதைதான் பெரிது. வாசலில் உட்கார்ந்திருந்த என் தலையைத் தெரியாதவர்களெல்லாம் தடவிவிட்டுப் போனார்கள். ஒரு கிழவர் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். ஒரு அக்கா குச்சி ஐஸ் வாங்கிக் கையில் வைத்து, "அப்பா இருக்காரா கண்ணு?" என்று கேட்டாள். "மீன்சுருட்டில இருக்காரு" என்றதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முதலாளியின் மகள் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நான் காலை ஆட்டிக்கொண்டு ஐஸைச் சப்பினேன்.

ஆனால் ஒரு சுடுகுஞ்சுகூடக் கடைக்குள் வரவில்லை. பார்க்கிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள், போகிறார்கள். சாயங்காலம் அம்மாவின் முகம் வாடிவிட்டது. "நாளைக்கு வருவாங்க" என்று முறுக்குத் தூக்கை மூடி வைத்தாள்.

மறுநாள் மதியம் வந்தார்கள். வளைவில் திரும்பும்போதே ஒப்பாரிச் சத்தம் கேட்டது. ஒரு வேன் நேராக எங்கள் கடை முன்னால் வந்து நின்றது. முதலில் இறங்கியது மாமா. ஒரு கையில் ஆளுயர மாலை, இன்னொரு கையில் ஜவுளிக்கடைப் பை. அவருக்குப் பின்னால் அத்தை, அதாவது மாமாவின் மனைவி, தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு நெஞ்சில் அறைந்தபடி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் சொந்தக்காரப் பெண்கள். வாசலில் இருந்த என்னை மாமா மாலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, "உன்ன இப்படி அனாதையா வுட்டுட்டுப் போயிட்டாளே!" என்று அலறினார். எனக்கு ஒன்றும் புரியாமல் நானும் அழ ஆரம்பித்தேன்.

"யாருடி அது? என்னடி சத்தம்?" என்று அம்மா ஜல்லிக்கரண்டியோடு உள்ளேயிருந்து வந்தாள்.

அத்தையின் ஒப்பாரி பாதி வரியில் நின்றது. பின்னால் இருந்தவர்களுக்கு விஷயம் எட்டாததால் அவர்கள் மட்டும் இன்னும் கொஞ்சநேரம் அழுதார்கள். கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. மாமா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பாப்பா... நீ இருக்கியா?" என்றார். அம்மாவை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். "பஸ்ல வந்த நம்ம ஊர்க்காரன் போன் போட்டான். கறுப்பு போர்டு, மாலையோட உன் போட்டோ, ரெண்டு பக்கமும் வெளக்கு எரியுதுன்னான்..."

"அதுல எழுதியிருக்கறத அவன் படிக்கலியா?"

"ஓடற பஸ்ல எவன் படிப்பான், அத்தினியூண்டு எழுத்த?"

அம்மா கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று போர்டைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். திரும்பி வரும்போது அது அழுகையாக மாறியிருந்தது. மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போன்னு நான் சொல்லல பாப்பா. வேன்ல வர்ற வழியெல்லாம் அந்த நெனப்புதான். பச்சத்தண்ணி கூட குடிக்காம போனாளேன்னு..."  பெரிய மீசை வைத்த ஆள் மூக்கைச் சிந்தி அழுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பெரியவர்கள் அழுதுகொண்டிருந்தபோது நான் ஜவுளிக்கடைப் பையைத் திறந்து பார்த்தேன். அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை வைத்த புதுச்சேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எட்டிப் பார்க்காத மாமா, அம்மாவுக்குச் சேலை எடுத்து வந்திருக்கிறார்! நான் அதை உதறி விரித்து அம்மாவின் தோளில் போட்டு, "மாமா உனக்கு சேல எடுத்தாந்திருக்காரும்மா!" என்று கத்தினேன்.

"ஐயோ, அத எடுடி மொதல்ல!" அத்தை பாய்ந்து வந்து பிடுங்கினாள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எங்கயாச்சும் கொண்டுபோயி கடாசு அத" என்றார். புதுச்சேலையை யாராவது கடாசுவார்களா?

அம்மா அத்தையின் கையிலிருந்து அதை வாங்கினாள். "எனக்குன்னுதான எடுத்தீங்க? இருக்கட்டும்" என்று மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தாள்.  பிறகு வந்தவர்களுக்கெல்லாம் வாழையிலையில் முறுக்கும் அதிரசமும் வைத்துக் காப்பி கொடுத்தாள். அழுத களைப்பில் அவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். மாலையை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாமல் இருந்தது, ரோட்டில் வந்த ஒரு மாடு அந்தக் கவலையைத் தீர்த்து வைத்தது.

"வூட்டுக்கு வந்துடு பாப்பா" என்றார் மாமா.

"கடை?"

மாமா அடுப்பைப் பார்த்தார், தூக்குகளைப் பார்த்தார், கையில் இருந்த அதிரசத்தைப் பார்த்தார். "சரி. மொதல்ல அந்த எழவு போர்டக் கழட்டு" என்றார்.

வேன் போய்விட்டது, மாமா தங்கிவிட்டார். மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போய், எங்கள் ரோட்டில் போகும் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்காரவைத்தார். "கடை எங்க வருது, எப்பத் தெரியுது, பாத்துச் சொல்லு." கடை வந்தது, போனது. இன்னும் கழற்றாமல் இருந்த போர்டில் 'அம்மன் து' வரைக்கும்தான் என்னால் படிக்கமுடிந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்பஸ்ஸில் திரும்பி வந்தோம். அந்தப் பக்கமிருந்து கடையே தெரியவில்லை. பழக்கடைத் தார்ப்பாய் மறைத்துக்கொண்டிருந்தது. "சுவத்தோட ஒட்டி வெச்சா பாதி ஜனத்துக்குக் கடையே இல்லங்கற மாதிரிதான். ரோட்டப் பாத்து நீட்டிக்கிட்டு, ரெண்டு பக்கமும் எழுத்து இருக்கணும்" என்றார். கரும்பு லாரியோடு ரோட்டில் கிடந்து பழகிய ஆள். மூன்றாம் முறையும் போகலாம் என்றார். எனக்கு வாந்தி வந்ததால் பிழைத்தோம்.

பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஃப்ளெக்ஸ் கடை. கடைக்காரர் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். அவருக்குச் செய்தி முன்பே போயிருந்தது. மாமா அவரை ஒன்றும் சொல்லவில்லை. பலகாரப் பட்டியலை முழுக்க எடுக்கச் சொன்னார். "சீடை..." என்று அம்மா இழுத்தாள். "உள்ள வந்தா சீடை இருக்குன்னு அவங்களுக்கே தெரியும் பாப்பா. வரவைக்கறதுதான் போர்டு வேல." தாய்வீடு என்று பெரிதாக, அதன்கீழே சீர் பலகாரம். ஒரு முறுக்கின் படம். அவ்வளவுதான்.

நிறம் என்று வந்ததும் மறுபடி கட்சிகள் வரிசையில் வந்து நின்றன. மாமா பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது எந்தக் கட்சி?"

கடைக்காரர் உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "எதுவும் இல்லீங்க" என்றார்.

"அப்ப இந்தக் கலர்லயே போடு."

"போட்டோ?"

"அவ உள்ள உசுரோட இருக்கா. வர்றவங்க நேர்ல பாத்துக்கட்டும்."

அந்த போர்டு வேலை செய்தது. பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்து ஆர்டர் கொடுத்தார்கள். வைகாசியில் அம்மாவுக்கு நிற்க நேரமில்லை. மீன்சுருட்டிக்குத் திரும்பிப் போவது பற்றி அதற்குப்பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை, எண்ணெய்ச் சட்டியிடம்கூட.

இதெல்லாம் நடந்து பல வருஷம் கழித்து, வாலிகண்டபுரத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தது ஒரு வயதான அம்மாள். எடுப்பதற்கு நேரமாகியும் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பொறந்த வூட்டுக் கோடி இன்னும் வரல" என்றார்கள். கொஞ்சநேரத்தில் அவருடைய தம்பி தள்ளாடிக்கொண்டு வந்து, பையிலிருந்து ஒரு புதுச்சேலையை எடுத்து அக்காவின் உடம்பின்மேல் போர்த்தினார். கூடப்பிறந்தவன் ஒரு பெண்ணுக்குச் செய்கிற கடைசிச் சீர் அது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புது போர்டை மாட்டிய அன்று அம்மா குளித்து, அந்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். அதற்காகவே ஊரிலிருந்து வந்திருந்த அத்தை வாயில் கையை வைத்தபடி நின்றுவிட்டாள். மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் முன்னால் போய் நின்று, "உசுரோட இருக்கறப்பவே கட்டிக்கிட்டேன். எப்படிண்ணே இருக்கு?" என்றாள்.  ஏணியில் நெற்றியை முட்டிக்கொண்டு அவர் தேம்பியதில் மேலே நின்ற ஃப்ளெக்ஸ் கடைக்காரர், "அண்ணே, ஏணி, ஏணி!" என்று கத்தினார்.

நான் போய் மாமாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, "பரவால்ல மாமா. அடுத்த தடவ பச்சையில எடுத்துட்டு வாங்க, அம்மாவுக்கு அதுதான் எடுக்கும்" என்று ஆறுதல் சொன்னேன். அவர் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதார். எடுத்து வந்த சேலையின் நிறம் பொருந்தாமல் போனதற்கு ஒரு ஆம்பிளை இவ்வளவு அழுவாரா என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது.